எண்ணெயின் கனமும் எஞ்சினின் வெப்பமும்

ஹைதராபாத்திலும் அதன் இணைநகராகிய செகந்திராபாத்திலும் தமிழர் வாழ்க்கை நேற்றுத் தொடங்கியதன்று. சென்னை ராணுவத்தின் பட்டாளங்கள் செகந்திராபாத் பாளையத்தில் தங்கிய காலந்தொட்டு, பட்டாளத்தோடு வந்தவர், இருப்புப்பாதையோடு வந்தவர், வாணிகம் நாடி வந்தவர், தொழிற்சாலை நாடி வந்தவர் எனப் பல தலைமுறையினர் அங்கே வேரூன்றியுள்ளனர். அவர்களுள் மோட்டார்த் தொழிலை நம்பி வாழ்வோர் உண்டு. சொந்தக் கார் வைத்திருப்போர் உண்டு. அந்தக் காரைப் பந்தயப் பாதை ஒன்றில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்னும் ஆவலுடைய இளைஞரும் உண்டு. இவர்கள் அனைவரையும் எதிர்நோக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. கடும் வெப்பத்தில் உழைக்கும் எஞ்சினுக்கு எத்தகைய கனமுள்ள எண்ணெயை ஊற்றவேண்டும் என்பதே அது.

இக்கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். "கெட்டியான எண்ணெய்தான் எஞ்சினுக்கு நல்லது, வேகம் மிகுந்தால் இன்னும் கெட்டியானதாக ஊற்று" என்று எளிதில் சொல்லிவிடுவோர் பலர். "புதிய கார்களுக்கு நீர்த்த எண்ணெய் போதும்; கெட்டியெல்லாம் பழங்கதை" என்போரும் உளர். இவ்விரண்டு கூற்றிலும் பாதி உண்மையே இருக்கிறது. மீதிப் பாதியை அறியாமல் பந்தயப் பாதையில் இறங்குவோர் எஞ்சினை இழக்கக்கூடும். அன்றியும், ஓடுகின்ற வேகத்தில் தாங்கிகள் இறுகி, இணைப்புத் தண்டு முறிந்து, எஞ்சினின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளிவருமானால் கொதிக்கும் எண்ணெய் பாதையில் சிந்தும். பின்னே வருபவரின் சக்கரம் அதில் வழுக்கும். ஆகவே எண்ணெயின் கனம் பணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. சில வேளைகளில் உயிரைப் பற்றியதுமாகும். இதற்கு விடை தேடிச் செல்லும் வரலாறு, தக்காணத்துச் செம்மண்ணில் விளையும் ஒரு செடியிடம் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது.

எஞ்சினுக்கு இடும் எண்ணெயை நாம் மசகெண்ணெய் என்கிறோம். 'மசகு' என்பது நூலறிஞர் புதிதாகப் படைத்த கலைச்சொல் அன்று. மாட்டுவண்டிக்காரர் வழங்கிய சொல். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டியின் அச்சில் தடவுவதற்காக அவர்கள் வைத்திருந்த கரிய மையே மசகு. அச்சும் குடமும் உரசித் தேய்வது தமிழர்க்கு மிகப் பழைய கவலை. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சி, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. மாற்று அச்சைச் சுமப்பதினும் இருக்கும் அச்சைத் தேயாமற் காப்பது சிக்கனமல்லவா? அக்காப்பினை அளித்தது மசகு.

ஆயின், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இருக்க, வண்டிக்காரர் விளக்கெண்ணெயையே நாடியது ஏன்? மற்ற எண்ணெய்கள் வெயிலில் நீர்த்து அச்சைவிட்டு வழிந்துவிடும். விளக்கெண்ணெயோ கெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இதனை அவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்டறியவில்லை. தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டனர். இக்குணத்தின் காரணத்தை வேதியியல் பின்னர் விளக்கிற்று. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை ரிசினோலிக் அமிலம் என்பதாகும். இதன் அணுத்திரளில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி, எண்ணெயை உலோகத்தோடு பற்றிக்கொள்ளச் செய்கிறது. திரள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டித்தன்மையையும் தருகிறது.

இந்த விளக்கெண்ணெயைத் தரும் ஆமணக்குக்குப் பெயர்பெற்ற நிலமே பழைய ஹைதராபாத் ராஜ்யம். நல்கொண்டா, மகபூப்நகர் ஆகிய மாவட்டங்களின் மேட்டுநிலச் செம்மண், ஆழமற்றது; மழையை நம்பியது; நெல்லுக்கு ஏலாதது. அம்மண்ணில் வறட்சியைத் தாங்கி வளர்ந்தது ஆமணக்கு. தெலுங்கர் அதன் எண்ணெயை 'ஆமுதம்' என்பர். நம் ஆமணக்கோடு அச்சொல்லுக்குள்ள உறவு கேட்ட அளவிலேயே விளங்கும். மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன் வீட்டு விளக்குகளில் எரிந்தது இவ்வெண்ணெய். இந்திய இருப்புப்பாதைகள் தொடக்க காலத்தில் விளக்கெரிக்கவும் யந்திரங்களுக்கு மசகிடவும் இதனையே பெரிதும் பயன்படுத்தின. உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையைப் பேரளவில் அனுப்பிய நாடு இந்தியா; அதனுள் முன்னணியில் நின்ற பகுதிகளுள் ஒன்று நிஜாமின் ராஜ்யம். இன்று அவ்விடத்தைக் குஜராத் பெற்றுவிட்டது. எனினும், எண்ணெய்வித்துக்களை ஆராய்வதற்காக 1977ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மத்திய நிறுவனம் ஹைதராபாத்தின் ராஜேந்திரநகரிலேயே இருக்கிறது. ஆமணக்கு அதன் ஆராய்ச்சிப் பயிர்களுள் ஒன்று.

இனி, எண்ணெய் எவ்வாறு உலோகத்தைக் காக்கிறது என்பதைக் காண்போம். 1883ஆம் ஆண்டில் பீச்சாம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், ரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளைப் பற்றிச் சோதனைகள் செய்துகொண்டிருந்தார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் ஊற்ற ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், ஊற்றும் எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக, உள்ளிருந்த எண்ணெய் துளைவழியே மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, அச்சின் மீதிருந்த சராசரிச் சுமையினும் மிக்க அழுத்தம் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தினுள் இருப்பது தெரிந்தது. சுழலும் அச்சு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயை ஓர் ஒடுங்கிய சந்துக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்குண்ட எண்ணெய் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. 1886இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் என்னும் அறிஞர் இதற்குக் கணித விளக்கம் அளித்தார்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று. நன்கு ஓடும் எஞ்சினில் தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டிற்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கிறது. கடுஞ்சுமையில் அதன் மிக நெருங்கிய இடம் ஒரு மைக்ரான் அளவிற்கும் சுருங்கிவிடும். தலைமயிரின் பருமனோ பல பத்து மைக்ரான். இப்படலம் தாங்கும் சுமை மூன்றைப் பொறுத்தது: தண்டின் வேகம், சுமையின் அளவு, எண்ணெயின் பாகுத்தன்மை. பாகுத்தன்மையைத்தான் தொழிலாளர் 'கனம்' என்கின்றனர். பாகும் நீரும் ஒரே பாத்திரத்திலிருந்து ஒழுகும்போது நாம் காணும் வேறுபாடே அது. எடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெப்பம் ஏற ஏறப் பாகுத்தன்மை குறையும். வாணலியில் காயும் எண்ணெய் நீர்போல் ஓடுவதை எல்லா இல்லத்தரசியரும் அறிவர்.

வெப்பத்திற்கும் படலத்திற்கும் நடந்த போராட்டத்தில் ஆமணக்கு பெரும் புகழ் பெற்ற காலம் ஒன்று உண்டு. விமானம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் பிரெஞ்சு நாட்டினர் செய்த 'நோம்' முதலிய சுழல் எஞ்சின்களில், சிலிண்டர்கள் உட்பட எஞ்சின் முழுவதுமே சுழன்றது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எஞ்சினின் நடுவயிற்றின் வழியாகவே சென்றது. கனிம எண்ணெயை அங்கே விட்டால் பெட்ரோல் அதனைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெயோ பெட்ரோலில் எளிதிற் கரைவதில்லை. எனவே 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் இவ்வெஞ்சின்கள் விளக்கெண்ணெயைக் குடித்தே பறந்தன. ஒருமுறை சென்ற எண்ணெய் திரும்ப வராது. புகையோடு வெளியே வீசப்படும். திறந்த இருக்கையில் அமர்ந்து அப்புகையைச் சுவாசித்த விமானிகள் வயிற்றுப்போக்கால் அவதியுற்றனர் என்று கூறுவர். பிள்ளைப் பருவத்தில் தாய் மூக்கைப் பிடித்துப் புகட்டிய விளக்கெண்ணெயை மறவாத நமக்கு இது வியப்பன்று!

தரையில் ஓடிய பந்தயக் கார்களும் அதே எண்ணெயை நாடின. லண்டனில் 1899இல் எண்ணெய் வாணிகம் தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்டு, 1909இல் தம் புதிய மசகெண்ணெய்க்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டார். விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயராகிய 'காஸ்டர்' என்பதிலிருந்து பிறந்த பெயரே அது. எரியும் விளக்கெண்ணெயின் இனிய மணம் பந்தய மைதானங்களின் அடையாளமாகவே பல்லாண்டுகள் விளங்கிற்று. ஐரோப்பாவில் அம்மணத்தை நுகர்ந்து மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர், கோவணமுடுத்திக் கானல் வெயிலில் ஆமணக்குக் காய் பறித்த இந்திய உழவனை எண்ணிப் பார்த்திருப்பர்?

விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஏறத்தாழ 19 அல்லது 20 சென்டிஸ்டோக் ஆகும். சாதாரண வெப்பத்தில் நீரின் பாகுத்தன்மை 1 சென்டிஸ்டோக் என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும். ஆனால் அதன் குறைகளும் பெரியவை. நீடித்த வெப்பத்தில் அது காற்றோடு கூடிப் பிசினாகிப் பிஸ்டன் வளையங்களை ஒட்டிக்கொள்ளும், குளிரில் உறையும், கனிம எண்ணெயோடு நன்கு கலவாது. பந்தயம் முடிந்தவுடன் எஞ்சினைப் பிரித்துத் துடைப்பவர்க்கு அது ஏற்றது. ஆண்டு முழுதும் ஓடும் பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் ஏற்றதன்று. ஆகவே அன்றாட வாகனங்களுக்குப் பெட்ரோலியத்திலிருந்து பெறும் கனிம எண்ணெயே நிலைத்தது.

கனிம எண்ணெய் பரவியபோது ஒரு குழப்பமும் உடன் வந்தது. ஒரு வணிகர் 'நடுத்தரம்' என்று விற்ற எண்ணெய் மற்றொருவரிடம் 'கனம்' எனப்பட்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911இல் பாகுத்தன்மைக்கு எண்களை வகுத்தது. இன்றும் எண்ணெய் டப்பாவின் மேல் காணும் 30, 40, 50 என்னும் எண்களின் மூலம் அதுவே. இன்றைய அளவின்படி, 100 டிகிரி வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருப்பது 30, 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50. அதற்கு மேல் 26.1 வரை 60. நம் விளக்கெண்ணெய் 50 என்னும் வகுப்பில் அடங்குவதைக் காணலாம்.

குளிர்நாட்டினர்க்கு வேறொரு தொல்லை இருந்தது. கோடைக்கு ஏற்ற எண்ணெய் பனிக்காலத்தில் மெழுகாகி எஞ்சினைக் கிளம்பவிடாது. எனவே 1933இல் குளிர்கால எண்கள் சேர்க்கப்பட்டன. 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். 1929இல் டீன், டேவிஸ் என்னும் இருவர், வெப்பத்தால் ஓர் எண்ணெய் எவ்வளவு விரைவாக நீர்க்கிறது என்பதை அளக்கப் பாகுநிலைக் குறியெண் ஒன்றை வகுத்திருந்தனர். குறைவாக மாறும் பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100, பெரிதும் மாறும் வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்பது அவர்கள் கணக்கு. 1950களில் நீண்ட சங்கிலி போன்ற பாலிமர்ப் பொருள்களை எண்ணெயிற் கலந்து, குளிரில் மெல்லியதாகவும் வெப்பத்தில் கனத்ததாகவும் நடந்துகொள்ளும் பன்னிலை எண்ணெய்கள் கடைக்கு வந்தன. 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என இரட்டை எண் தாங்கியவை இவையே.

ஹைதராபாத்திற்கு இவ்வெண்களில் முதலாவது பெரிதும் பொருட்டன்று. 15டபிள்யூ என்பது பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரியில் சோதிக்கப்படுவது. தை மாதத்து விடியற்குளிரில் போர்வையை இறுக்கிக்கொள்ளும் செகந்திராபாத்வாசிகூட அத்தகைய குளிரைக் கண்டதில்லை. அங்கே கவலைக்குரியது இரண்டாவது எண். நிஜாமின் இருப்புப்பாதை நிர்வாகம் 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 27 பஸ்களோடும் 166 ஊழியர்களோடும் சாலைப் போக்குவரத்தைத் தொடங்கிய நாளிலும், வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும் தக்காணத்துப் பாறைச் சாலைகளே ஓட்டுநரின் முன்னே கிடந்தன.

இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. எண்ணெயின் வெப்பத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெளியே காயும் வெயிலன்று. எஞ்சின் சுமக்கும் வேலையே. நகரச் சாலையில் செல்லும் காரின் எண்ணெய், கோடையிலும் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரி அளவில் நிற்கும். அதே கார் பந்தயப் பாதையில் கால்மணி நேரம் முழு விசையோடு ஓடினால், மார்கழியிலும் எண்ணெய் 130 டிகிரியை எட்டலாம். குளிர்விப்பான் இல்லாவிடில் அதனையும் தாண்டலாம். இந்த உண்மையைச் சென்னைத் தமிழர் பலர் கண்கூடாகக் கற்ற இடம் சோழவரம்.

சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று பயனற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அதனைப் பந்தயக் களமாக்கிற்று. அரச குடும்பத்தினர் வெளிநாட்டுக் கார்களோடு வந்தனர். சாதாரணப் பட்டறைக்காரர்கள் ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு முதலிய வீதிக் கார்களைத் திருத்தியமைத்துக் கொண்டுவந்தனர். குடும்பத்தை அழைத்துச் செல்லப் பிறந்த எஞ்சின், நெடிய ஓடுபாதையில் ஆக்சிலரேட்டரை இறுதிவரை மிதித்தபடி ஓடுமாறு செய்யப்பட்டது. குதிரைத்திறனைக் கூட்டுவது ஒரு கலை. கூட்டிய திறனோடு கடைசிச் சுற்றுவரை எஞ்சினைக் காப்பது மற்றொரு கலை. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலும் ஒரு பாதை பின்னர் அமைந்தது. அக்கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார் என்பது நாமெல்லாம் அறிந்த பெருமை.

இப்பாதைகளில் எண்ணெய்க்கு நேர்வது யாது? சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 40 எண்ணுள்ள சாதாரணக் கனிம எண்ணெய் ஒன்றின் பாகுத்தன்மை 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் அளவு என்று கொள்வோம். அது 130 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 7 ஆகிவிடும். அதாவது, 30 டிகிரி ஏற்றத்தில் கனம் பாதியாகக் குறைந்து, டப்பாவின் மேல் 40 என்று எழுதியிருந்தும் உள்ளே இருப்பது 20 எண் எண்ணெய்க்கு ஒப்பாகிறது. 50 எண்ணுள்ள எண்ணெயோ அதே வெப்பத்தில் 9 அளவில் நின்று, 30 எண் எண்ணெயின் வேலையைப் பார்க்கும். பந்தயப் பாதைக்குச் செல்வோர் ஒரு படி கனத்த எண்ணெயை நாடுவதன் நியாயம் இதுவே. பாதையின் வெப்பத்திலும் வீதியில் இருந்த அதே பாகுத்தன்மையைப் பெறவே அவர்கள் விரும்புகின்றனர்.

அங்ஙனமாயின் 60 எண் எண்ணெயை ஊற்றிவிட்டால் கவலை தீர்ந்துவிடாதோ? தீராது. மிகக் கனத்த எண்ணெய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நுண்ணிய வழிகளில் விரைந்து செல்லாது. பம்பு தள்ளும் எண்ணெயில் ஒரு பகுதி பாதுகாப்பு வால்வைத் திறந்துகொண்டு தொட்டிக்கே திரும்பிவிடும். அப்போது அழுத்தமானியின் முள் உயரத்தில் நிற்கும், ஓட்டுபவர் மகிழ்வார். ஆனால் அழுத்தம் என்பது தடையின் அளவு. தாங்கியைக் காப்பது ஓட்டம். இரத்த அழுத்தம் உயர்ந்திருப்பதை உடல்நலம் என்று எவரேனும் கூறுவரோ? மேலும், கனத்த எண்ணெய் தன் உள்ளுராய்வாலேயே வெப்பத்தைப் பெருக்கிக்கொள்ளும். எஞ்சினின் திறனிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். இக்காலத்து எஞ்சின்களில் வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறிகள் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன; அவை குறித்த கனத்திற்கேற்ப அமைக்கப்பட்டவை.

டப்பாவின் எண் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. பன்னிலை எண்ணெயில் கலந்துள்ள பாலிமர்ச் சங்கிலிகள், தாங்கியின் நெருக்கடியில் நூல்போல் நீண்டு பணிந்துவிடும். நாளடைவில் அறுந்தும் போகும். ஆகவே 150 டிகிரி வெப்பத்தில் கடும் அறுப்புக்கு உட்படுத்தி அளக்கும் சோதனை ஒன்றும் வகுக்கப்பட்டது. அதில் 30 எண் எண்ணெய்க்குக் குறைந்த அளவு 2.9 மில்லிபாஸ்கல் நொடி. 40 எண்ணுக்கு, அதன் குளிர்கால எண்ணைப் பொறுத்து, 3.5 அல்லது 3.7, 50 எண்ணுக்கும் அதே 3.7தான். எனவே நன்கு செய்யப்பட்ட 40, மட்டமாகச் செய்யப்பட்ட 50ஐ விடப் பாதையில் உறுதியாக நிற்பதும் கூடும். எண்ணெய் செய்தோர் வெளியிடும் விவரத்தாளில் இவ்வளவைத் தேடிப் பார்த்தல் நலம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், தேர்ந்தெடுக்கும் முறை தெளிவாகிறது. முதலாவது, எஞ்சின் செய்தோர் அளித்த கைப்புத்தகத்தைப் பார்க்கவேண்டும். பல கைப்புத்தகங்களில் வெப்பநிலைக்கேற்ற கனங்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, ஊகத்தை விட்டு, எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்தவேண்டும். தண்ணீரின் வெப்பத்தைக் காட்டும் முள் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டாது. மூன்றாவது, எண்ணெய் 110 டிகிரி அளவிலேயே நிற்குமானால் வழக்கமான கனமே போதும். 130ஐ நெருங்குமானால், செய்தோர் அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கனத்ததை, அதாவது 30க்கு 40ஐயோ 40க்கு 50ஐயோ, கொள்ளலாம். அதற்கும் மேலே செல்லுமானால் மருந்து கனத்த எண்ணெயன்று, எண்ணெய்க் குளிர்விப்பானே.

நான்காவது, எண்ணெயின் மட்டம். வேகமாக வளைவில் திரும்பும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். அக்கணத்தில் 30, 40, 50 என்ற வேறுபாடு எதுவுமில்லை; எண்ணெயே இல்லை. எனவே மட்டம் மேற்கோட்டில் நிற்கவேண்டும். அதனை மிஞ்சவும் கூடாது. ஐந்தாவது, எண்ணெய் சூடேறும்வரை எஞ்சினை விரட்டலாகாது. ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெல்ல ஓட்டி ஆறவிடவேண்டும். கடும் வெப்பங்கண்ட எண்ணெயை வழக்கமான தவணைக்கு முன்பே மாற்றிவிடவேண்டும். விலையில் சில நூறு ரூபாய் மிச்சம்பிடிப்பவர் எஞ்சினையே செலவிடுவார்.

ஹைதராபாத் மக்கள் மோட்டார்ப் பந்தயத்தைத் தம் நகர வீதியிலேயே கண்டது அண்மைக் காலத்தில்தான். 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஹுசேன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளில் இந்தியப் பந்தய லீகின் கார்கள் எஞ்சின் முழக்கத்தோடு ஓடின. அடுத்து 2023 பெப்ரவரி 11ஆம் நாள், அதே ஏரிக்கரையில் பார்முலா ஈ என்னும் உலகப் பந்தயம் நடைபெற்றது. ஜான் எரிக் வெர்ன் வெற்றி பெற்றார். அக்கார்கள் மின்சாரத்தால் ஓடுபவை. பிஸ்டன் இல்லை, வெடிப்பு இல்லை, ஆகவே எஞ்சின் எண்ணெயும் இல்லை. பல்சக்கரப் பெட்டிக்கு மட்டுமே எண்ணெய் வேண்டும். உலகச் சந்தைக்கு எண்ணெய் வித்தை அனுப்பிய பழைய ராஜ்யத்தின் தலைநகராயிருந்த ஊரிலேயே, எஞ்சின் எண்ணெய் வேண்டாத பந்தயக் கார் ஓடிற்று!

எனினும் ஆமணக்கின் கதை முடிந்துவிடவில்லை. விளக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் செபாசிக் அமிலம், ஜெட் விமானங்களின் தொடக்க காலத்துச் செயற்கை எண்ணெய்களுக்கு மூலப்பொருளாயிற்று. விளக்கெண்ணெயை ஹைட்ரஜனேற்றிப் பெறும் மற்றோர் அமிலம், லித்தியம் கிரீசுக்கு உயிர்நாடி. 1942இல் காப்புரிமை பெற்ற லித்தியம் கிரீசே இன்று கார்ச் சக்கரங்களின் தாங்கிகளில் பெரிதும் வழங்குகிறது. மின்சாரக் காருக்கும் சக்கரம் உண்டு. சக்கரத்திற்குத் தாங்கி உண்டு. தாங்கிக்கு மசகு உண்டு. மாட்டுவண்டியின் அச்சில் தடவிய அதே செடியின் சாரம், உருமாறி, மோட்டார் வண்டியின் அச்சிலும் நிற்கிறது.

வண்டிக்காரர் மசகைத் தேர்ந்தெடுத்தது, அது கெட்டி என்னும் பெருமைக்காக அன்று. தம் வெயிலில், தம் பாரத்தில், தம் அச்சில் அது நின்றது என்பதற்காகவே. எஞ்சினுக்கு எண்ணெய் தேரும் நமக்கும் விதி அதுவே. பெரிய எண் பெரிய காப்பு ஆகாது. சிறிய எண் புதுமையும் ஆகாது. எஞ்சின் எவ்வளவு வெப்பத்தில் உழைக்கிறது என்பதை அளந்தறிந்து, அந்த வெப்பத்தில் போதிய படலத்தைத் தாங்கி நிற்கும் எண்ணெயையே ஊற்றவேண்டும். பிற மாநிலங்களில் மோட்டாரோடு வாழ்வை இணைத்துக்கொண்டுள்ள நம்மவர் இதனை மனத்திற் கொள்வாராயின், அவர்தம் எஞ்சினும் வாழும். அவர் பின்னே வருவோரும் இன்னலின்றி வீடு சேர்வர்.